மலையேறி வந்து கேட்டுவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள்

ஒன்றிய வர்த்தகம் மற்றும் தொழில்துறை அமைச்சருக்குக் கீழ்ப்பழனி மலை மிளகு விவசாயி ஒருத்தியின் திறந்த மடல்

மாண்புமிகு அமைச்சர் அவர்களுக்கு,

திண்டுக்கல் மாவட்டம் தாண்டிக்குடிக்குப் பக்கத்தில் மூன்று ஏக்கரில் காப்பியும் மிளகும் வைத்திருப்பவள் நான். போன மாதம் எங்கள் பகுதியில் நடந்த விவசாயிகள் கூட்டத்தில், வெளியூரிலிருந்து வந்திருந்த அதிகாரி ஒருவரிடம் இறக்குமதி மிளகைப் பற்றிக் கேட்டேன். "உலகம் பூரா ஒரே சந்தை ஆயிடுச்சும்மா. நீங்கதான் போட்டிக்குத் தயாராகணும். விலை குறைஞ்சா வாங்குற ஜனங்களுக்கு நல்லதுதானே" என்று சொல்லிவிட்டு அடுத்த கேள்விக்குப் போய்விட்டார். அன்றிலிருந்து அந்தப் பேச்சு மனசை அறுத்துக்கொண்டே இருக்கிறது. அது அவருடைய சொந்தக் கருத்தாக இருந்தால் விட்டுவிடுவேன். இருபத்தைந்து ஆண்டுகளாக உங்கள் துறை நடத்திவரும் கொள்கையைத்தான் அவர் வாய்மொழியாகச் சொன்னார். அதனால் உங்களுக்கே எழுதுகிறேன்.

இந்த மலைக்கு மருமகளாக வந்த வருடத்திலிருந்து தோட்டக் கணக்கை நான்தான் எழுதுகிறேன். அதிலிருந்து இரண்டு வருடத்தை மட்டும் உங்கள் முன்னால் வைக்கிறேன்.

2016 பறிப்பில் எங்களுக்குக் காய்ந்த மிளகு 610 கிலோ. கிலோ 660 ரூபாய்க்குப் போட்டோம். 4,02,600 ரூபாய் வந்தது. பெரிய மகளைக் கல்லூரியில் சேர்த்தது அந்தப் பணத்தில்தான்.

2018 நவம்பரில் கஜா புயல் எங்கள் மலையையும் ஒரு கை பார்த்துவிட்டுப் போனது. மிளகுக்கொடி ஏறியிருந்த சில்வர் ஓக் மரங்கள் வேரோடு சாய்ந்தன. முப்பது வயதுக் கொடிகள், மரத்தைக் கட்டிப்பிடித்தபடியே, காயோடு தரையில் கிடந்தன. அந்தப் பறிப்பில், அதாவது 2019 தொடக்கத்தில், எங்களுக்குக் கிடைத்தது 460 கிலோ. விலை 345. வரவு 1,58,700. உரம், போர்டோ கலவை, களையெடுப்பு, நிழல் கவாத்து, பறிப்புக் கூலி எல்லாம் சேர்த்துச் செலவு 1,31,000. கையில் நின்றது 27,700 ரூபாய். ஒரு குடும்பத்துக்கு ஒரு வருடத்துக்கு.

புயலுக்கு நீங்கள் என்ன செய்வீர்கள் என்று கேட்கலாம். புயலைப் பற்றி நான் முறையிடவில்லை ஐயா. என் மாமனார் காலத்திலும் புயல் வந்தது, வாடல் நோய் வந்தது, மழை தவறியது. ஆனால் அப்போதெல்லாம் ஒரு பழைய கணக்கு எங்களைக் காப்பாற்றியது. விளைச்சல் குறைந்தால் விலை ஏறும். பாதி மூட்டை கொண்டுபோனாலும் முக்கால் மூட்டைப் பணமாவது கைக்கு வரும். கெட்ட வருடத்தைத் தாண்ட அது போதும். 2018 ஆகஸ்டில் கேரளாவையும் குடகையும் வெள்ளம் அடித்துக்கொண்டு போனது. வயநாடு, இடுக்கி, குடகு எல்லா இடத்திலும் மிளகு கொட்டிப் போனது. நவம்பரில் நாங்கள். இந்த நாட்டில் மிளகு விளைகிற மலைகள் பலவும் ஒரே வருடத்தில் அடி வாங்கின. அந்த வருடம் விலை ஏறியிருக்க வேண்டும். இறங்கியது.

ஏன் இறங்கியது என்பதை நான் ஒரு கிட்டங்கியில் கண்ணால் பார்த்தேன்.

2019 பிப்ரவரியில் நான்கு மூட்டையை ஜீப்பில் ஏற்றிக்கொண்டு அடிவாரத்துக்குப் போனேன். அந்த வியாபாரியின் பெயரும் ஊரும் வேண்டாம்; அவரும் பிழைக்கத்தான் கடை வைத்திருக்கிறார். மூட்டையில் கைவிட்டு ஒரு பிடி அள்ளி, உள்ளங்கையில் தேய்த்து ஊதிப் பார்த்தார். ஒரு மணியைப் பல்லில் கடித்தார். லிட்டர் படியில் கொட்டி, தலைதட்டி, தராசில் வைத்தார். "லிட்டருக்கு 540 கிராம் நிக்குதுக்கா. நல்ல சரக்கு. ஆனா கொச்சிச் சந்தை விலை இறங்கிருச்சு" என்றார். என்ன தம்பி, வெள்ளத்தில் கேரளாவே போச்சு, எப்படி இறங்கும் என்றேன். அவர் பேசாமல் என்னை உள்ளே கூட்டிப்போய் ஒரு மூட்டையைத் திறந்து காட்டினார். மணிகள் எல்லாம் ஒரே அளவு. தொட்டால் இலேசாக இருந்தது. எங்கள் மிளகைத் திறந்தால் வருகிற நெடி இல்லை. "கப்பல் சரக்குக்கா. வியட்நாமு. சிலோன் வழியா வருதுன்னு சொல்றாங்க. 320க்குக் கிடைக்குது. உங்கதுல ஒரு பங்கு, இதுல ரெண்டு பங்கு கலந்தாத்தான் எனக்குக் கட்டும்."

இந்த இடத்தில் உங்கள் துறையின் ஆணை ஒன்றை நினைவுபடுத்துகிறேன். 2017 டிசம்பர் 6 அன்று மிளகுக்குக் குறைந்தபட்ச இறக்குமதி விலை நிர்ணயிக்கப்பட்டது. துறைமுகத்துக்கு வந்து சேரும் விலை கிலோ 500 ரூபாய்க்குக் குறைவான மிளகு நாட்டுக்குள் வரக்கூடாது. அந்தச் செய்தி வந்த அன்று நாங்கள் நிம்மதிப் பெருமூச்சு விட்டோம். அப்படியானால் 500-க்குக் கீழே வரவே கூடாத சரக்கு, ஆணை வந்த பதினான்காவது மாதத்தில், மலையடிவாரத்துக் கிட்டங்கியில் 320-க்கு எப்படிக் கிடைத்தது? இந்தக் கேள்வியை நான் மூன்று மனுக்களில் கேட்டேன். ஒரு மனுவுக்கு மட்டும், "உரிய பிரிவுக்கு அனுப்பப்பட்டுள்ளது" என்று அட்டை வந்தது. எந்தப் பிரிவு என்று அதில் இல்லை.

பதில் கிடைக்காததால் நாங்களே படித்தோம். என் சின்ன மகள் ஒப்பந்தங்களைக் கணினியில் எடுத்து, இராத்திரி உட்கார்ந்து எனக்குத் தமிழில் சொன்னாள். அப்போதுதான் எத்தனை கதவுகள் எங்களுக்குத் தெரியாமல் திறந்து கிடக்கின்றன என்று புரிந்தது.

முதல் கதவு இலங்கை ஒப்பந்தம். 1998 டிசம்பரில் கையெழுத்தாகி 2000 மார்ச்சில் நடைமுறைக்கு வந்தது. அதன்படி ஆண்டுக்கு 2,500 டன் மிளகு வரியே இல்லாமல் வரலாம். அதற்கு மேல் வருவதற்குத் தெற்காசியத் தடையில்லா வர்த்தக ஒப்பந்தத்தின்கீழ் 8 விழுக்காடு வரி மட்டும். அடுத்த கதவு ஆசியான், அதாவது வியட்நாமும் சேர்ந்த தென்கிழக்கு ஆசிய நாடுகளின் கூட்டமைப்பு. 2009 ஆகஸ்ட் 13 அன்று பாங்காக்கில் கையெழுத்துப் போட்டீர்கள். அதில் ஐந்து பொருள்களைத் தனியாக எடுத்து வைத்து, வரியை மெதுவாகக் குறைப்பதாக எழுதியிருக்கிறீர்கள். கச்சா பாமாயில், சுத்திகரித்த பாமாயில், காப்பி, தேயிலை, மிளகு. இந்த ஐந்தில் மூன்று, மலையில் விளைபவை. மற்ற இரண்டும் கீழே சமவெளியில் தென்னையும் கடலையும் வைத்திருக்கிறவர்களைத் தொடுபவை. மிளகுக்கு 70 விழுக்காடாக இருந்த வரி 50-க்கு இறங்கியது. அந்தக் கையெழுத்தை எதிர்த்து அதே ஆண்டு அக்டோபர் 2 அன்று கேரளத்தில் காசர்கோட்டிலிருந்து திருவனந்தபுரம் வரை மனிதச் சங்கிலி நின்றது. நாங்கள் இங்கே அதைத் தொலைக்காட்சியில் பார்த்துவிட்டு, நமக்கு என்ன என்று கொத்தெடுத்துக்கொண்டு தோட்டத்துக்குப் போனோம். அன்று தெரியாமல் இருந்தது எங்கள் தப்பு. தெரிய விடாமல் இருந்தது யார் தப்பு?

வியட்நாம் மிளகு நேராக வந்தால் 50 விழுக்காடு வரி. இலங்கையில் விளைந்தது என்ற சான்றிதழோடு வந்தால் 8, அல்லது அதுவும் இல்லை. இந்த வித்தியாசம் இருக்கிற வரைக்கும் சரக்கு எந்த வழியாக வரப் பார்க்கும் என்பது சந்தைக்குப் போகிற எவருக்கும் தெரியும். இதைத்தான் குடகு, கேரள விவசாயிகள் வருடக்கணக்காகச் சொல்லிவருகிறார்கள். இன்னொரு கதவும் உண்டு. பதப்படுத்தித் திரும்ப ஏற்றுமதி செய்வதற்காக என்று சொல்லிக் கொண்டுவரும் மிளகுக்கு 500 ரூபாய் வரம்பு பொருந்தாது. அது உண்மையில் திரும்பக் கப்பல் ஏறியதா, வழியில் அடிவாரத்தில் இறங்கியதா என்று யார் எண்ணிப் பார்க்கிறார்கள்?

இலங்கைக்காரர்கள்மேல் எனக்குக் கோபம் என்று நினைத்துவிடாதீர்கள். எங்கள் தோட்டத்துக்குப் பறிப்புக்கு வரும் அக்கா ஒருவர், சின்ன வயதில் மாத்தளையிலிருந்து பெற்றோரோடு தாயகம் திரும்பி வந்தவர். அங்கே வீட்டைச் சுற்றிக் கிளிசிரிடியா மரத்தில் மிளகு ஏற்றியிருந்ததையும், மிளகு விற்றுத்தான் அவருக்குக் காதுகுத்து நடந்ததையும் சொல்வார். மாத்தளை மிளகு காரமானது, கனமானது. வேறு நாட்டுச் சரக்கு அந்தப் பெயரில் நுழையும்போது நட்டப்படுவது மாத்தளைக்காரரும்தான். வியட்நாமில் டாக் லாக், ஜியா லாய் பக்கம் கடன் வாங்கிக் கொடி நட்டவர்களும் விலை விழுந்தபோது தோட்டத்தை விட்டு ஓடினார்கள். மூன்று நாட்டிலும் கொடி வளர்க்கிறவன் தோற்கிறான் என்றால், இந்த வர்த்தகத்தில் ஜெயித்தது யார்?

வாங்குகிற ஜனங்களுக்கு நல்லது என்றாரே அந்த அதிகாரி, அதையும் பார்த்துவிடுவோம். நான் விற்கும் விலை 660-லிருந்து 345-க்கு, கிட்டத்தட்டப் பாதியாக இறங்கியது. வத்தலக்குண்டில் நான் மளிகை வாங்கும் கடையில் 100 கிராம் மிளகுப் பாக்கெட் 2016-ல் 95 ரூபாய், 2019-ல் 90 ரூபாய். இரசம் வைக்கிற வீட்டுக்கு ஐந்து ரூபாய் மிச்சம். எங்களுக்கு அதே 100 கிராமில் 31 ரூபாய் 50 காசு நட்டம். நடுவில் போன 26 ரூபாய் 50 காசு ஜனங்களுக்குப் போய்ச் சேரவில்லை என்பது மட்டும் நிச்சயம்.

இப்போது விலை நன்றாகத்தானே இருக்கிறது என்பார்கள். ஆமாம், ஏறியிருக்கிறது. 600-ஐத் தாண்டியதையும் பார்த்தோம். ஆனால் அது எங்கள் பாதுகாப்பால் ஏறிய விலை இல்லை. வியட்நாமில் மிளகு கட்டாமல் போய், நோயும் தாக்கி, அவர்கள் கொடியை வெட்டிவிட்டுக் காப்பிக்கும் துரியனுக்கும் மாறினார்கள். அங்கே குறைந்ததால் இங்கே ஏறியது. எங்கள் வீட்டு அடுப்பு எரிவது டாக் லாக்கில் ஒருவர் என்ன நடுகிறார் என்பதைப் பொறுத்து என்று ஆகிவிட்டது. அவர்கள் மறுபடி மிளகு நட்டால் நாலைந்து வருடத்தில் மறுபடி 300. அதற்குள் எங்கள் செலவு எங்கே போயிருக்கும்? 2016-ல் ஒற்றை மூங்கில் ஏணியில் முப்பது அடி ஏறிப் பறிக்கிறவருக்கு நாள்கூலி 450. இன்று 900. அவர் உயிரைப் பணயம் வைத்து ஏறுகிறார், அந்தக் கூலி அவருக்கு வேண்டும், குறைக்க மாட்டேன். 2017-ல் வைத்த 500 ரூபாய் வரம்போ அன்றைய செலவைப் பார்த்து வைத்தது. 500-க்கு வந்து 8 விழுக்காடு வரி கட்டினாலும் 540. சந்தையில் 600 விற்கும்போது அந்த வேலி எதைத் தடுக்கும்?

"போட்டிக்குத் தயாராகுங்கள்" என்ற சொல்லுக்கு வருகிறேன். எங்களுக்கு உழைக்கத் தெரியாது என்கிற மாதிரி அது காதில் விழுகிறது. ஒரு வருடம் வந்து பாருங்கள் ஐயா. ஆனி ஆடிச் சாரலில் கொடி தளிர்விட்டுத் திரி இறங்கும்போது, வேரில் தண்ணீர் நிற்காமல் வாய்க்கால் எடுக்க வேண்டும். ஒரு நாள் விட்டால் வாடல் பிடித்துக் கொடி பத்தே நாளில் கறுத்துக் கொட்டிவிடும். மார்கழி கடைசியில், சரத்தில் ஒன்றிரண்டு மணி சிவக்கும்போது ஏணி எடுக்க வேண்டும். முந்தினால் எடை நிற்காது, பிந்தினால் குருவிக்கும் தரைக்கும். பறித்ததை உதிர்த்து, கொதிநீரில் ஒரு நிமிடம் முக்கி எடுத்து, களத்தில் பரப்பி, ஐந்தாறு நாள் வெயிலில் துழாவித் துழாவிக் காயவைக்க வேண்டும். மலையில் தை மாதத்தில் மத்தியானமே பனி இறங்கிவிடும். படுதாவைச் சுருட்டிக்கொண்டு ஓடுவோம். மூன்று கிலோ பச்சை மிளகு காய்ந்தால் ஒரு கிலோ. இதில் இன்னும் எதற்குத் தயாராக வேண்டும்?

வேறு பயிருக்கு மாறலாமே என்பது அடுத்த யோசனை. நெல்லோ மக்காச்சோளமோ என்றால் அடுத்த போகத்தில் மாற்றலாம். மிளகுக்கொடி நட்டு மூன்றாம் வருடம்தான் காய் காட்டும். ஏழெட்டு வருடம் ஆக வேண்டும் முழு விளைச்சலுக்கு. அது ஏறுவதற்கான மரத்தை அதற்கும் முன்னாலேயே வளர்த்திருக்க வேண்டும். நீங்கள் ஒரு நாளில் கையெழுத்துப் போட்டு மாற்றும் வரிக்கு ஏற்ப நான் தோட்டத்தை மாற்ற வேண்டுமென்றால் பத்து வருடம் பட்டினி கிடக்க வேண்டும். எங்கள் மலையில் ஒரு காலத்தில் கமலா ஆரஞ்சு இருந்தது, நோயில் போனது. மலைவாழையை முடிக்கொத்து நோய் தின்றது. மிஞ்சியது இந்த இரண்டு பயிர்தான். நிழல்மரத்தோடு நிற்பதால் மண் அரிக்காமல், ஓடை வற்றாமல் இருக்கிறது. இதுவும் கட்டாது என்று ஆனால் அடுத்து என்ன நடக்கும் என்று பண்ணைக்காட்டுச் சாலையில் போனாலே தெரியும். மரத்தை வெட்டிய சரிவில் மனைப் பலகையும் தங்கும் விடுதியும் நிற்கின்றன.

இந்தப் பயிரில் விலை விழுந்தால் எதுவரை போகும் என்பதை நாடு ஏற்கெனவே பார்த்திருக்கிறது. 1990-களின் கடைசியில் கிலோ 200-ஐத் தாண்டி விற்ற மிளகு, அடுத்த சில ஆண்டுகளில் 100-க்குக் கீழே விழுந்தது. 2001 ஏப்ரல் 1-ஓடு இறக்குமதி அளவுக் கட்டுப்பாடுகளும் எடுக்கப்பட்டன. வயநாட்டில் மிளகையும் காப்பியையும் நம்பிக் கடன் வாங்கியவர்கள் அடுத்தடுத்துத் தற்கொலை செய்துகொண்ட ஆண்டுகள் அவை. எங்கள் மலையிலும் 2019-ல் நகை போகாத வீடு அபூர்வம். என் தாலிக்கொடி பதினோரு மாதம் வங்கியில் இருந்தது.

எல்லா வர்த்தகத்தையும் மூடுங்கள் என்று கேட்கிறவள் இல்லை நான். இந்த மிளகே கடல் தாண்டிப் போய்த்தான் பெயர் வாங்கியது. என் மனக்குறை இதுதான்: ஒப்பந்தம் என்றால் ஒன்றைக் கொடுத்து ஒன்றை வாங்குவது. வாங்கியது மென்பொருளாகவோ மருந்தாகவோ வாகனமாகவோ இருக்கலாம், நாட்டுக்கு நல்லதாகவும் இருக்கலாம். கொடுத்தது எங்கள் மிளகை. கொடுக்கும்முன் எங்களிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. வாங்கியதில் ஒரு பங்கும் மலையேறி வரவில்லை.

2019 நவம்பர் 4 அன்று பாங்காக்கில், ஆசியான், சீனா உள்ளிட்ட நாடுகள் சேர்ந்த ஆர்செப் என்ற பெரிய வர்த்தக ஒப்பந்தத்தில் சேர மாட்டோம் என்று பிரதமர் சொன்னார். காந்தியடிகள் சொல்லிப்போன கடைசி மனிதனை நினைத்துப் பார்த்தால் மனசாட்சி இடம் தரவில்லை என்றார். அதைக் கேட்டபோது எனக்கு உண்மையிலேயே கண் கலங்கியது. அதே அளவுகோலை ஏற்கெனவே போட்ட ஒப்பந்தங்களுக்கும் வையுங்கள் என்று கேட்கும் தைரியம் அன்று வந்ததுதான். ஆசியான் ஒப்பந்தத்தை மறுஆய்வு செய்ய நீங்களே முன்வந்திருக்கிறீர்கள். 2023-லிருந்து இலங்கையோடும் விரிவான ஒப்பந்தம் பற்றி மறுபடி பேசுகிறீர்கள். அதனால் இப்போதே கேட்கிறேன்.

மிளகு, காப்பி, தேயிலை சம்பந்தப்பட்ட எந்த வரிச் சலுகையையும் ஒப்புக்கொள்ளும் முன், அதன் வரைவைத் தமிழிலும் மலையாளத்திலும் கன்னடத்திலும் வெளியிடுங்கள். தாண்டிக்குடி, கொல்லிமலை, ஏற்காடு, வால்பாறை, கூடலூர் ஆகிய இடங்களுக்கு உங்கள் துறையின் பேச்சுவார்த்தைக் குழுவில் இருப்பவர்களையே அனுப்பிக் கருத்துக் கேளுங்கள். மாவட்டத் தலைநகரில் அரங்கக் கூட்டம் வேண்டாம். பறிப்புக் கூலியை விட்டுவிட்டு எங்களால் வர முடியாது. நாங்கள் சொன்னதில் எதை ஏற்றீர்கள், எதை ஏன் தள்ளினீர்கள் என்று எழுதி வெளியிடுங்கள். மற்றதெல்லாம் இதற்குப் பிறகுதான்.

குறைந்தபட்ச இறக்குமதி விலையை 500-லேயே நிறுத்தி வைக்காமல், ஒவ்வொரு ஆண்டும் பறிப்புக்கு முன்னால் எங்கள் உற்பத்திச் செலவைக் கணக்கிட்டு மாற்றுங்கள். ஏற்றுமதிக்காக என்று வரும் மிளகு எத்தனை டன் வந்தது, எத்தனை டன் திரும்பப் போனது என்பதைத் துறைமுகவாரியாக மாதாமாதம் பொதுவில் வையுங்கள். 2020 செப்டம்பர் 21 முதல், சலுகை வரி கேட்கும் இறக்குமதியாளரே சரக்கு எந்த நாட்டில் விளைந்தது என்பதற்கு ஆதாரம் வைத்திருக்க வேண்டும் என்று விதி இருக்கிறது. மிளகில் அந்த விதியின்கீழ் எத்தனை சரக்கைச் சோதித்தீர்கள், எத்தனையைத் திருப்பினீர்கள் என்று சொல்லுங்கள். வெளிநாட்டு மிளகு கலந்த பாக்கெட்டில் நாட்டின் பெயரும் கலப்பின் அளவும் கொட்டை எழுத்தில் இருக்க வேண்டும்.

இறக்குமதி மிளகில் வசூலாகும் வரி எங்கள் விலையிலிருந்து எடுத்த பணம். அதை மிளகு விளையும் மாவட்டங்களுக்கென ஒதுக்கி, விலை செலவுக்குக் கீழே போகும் வருடத்தில் ஐந்து ஏக்கருக்கு உட்பட்ட விவசாயிகளுக்கு நேரடியாக ஈடு கொடுங்கள். புயலிலும் வாடலிலும் கொடி இழந்தவர்கள் மறுநடவு செய்து, காய் வரும்வரை தாங்குவதற்கும் அதிலிருந்தே உதவுங்கள்.

மார்கழி கடைசியில் நாங்கள் ஏணி எடுப்போம். அதற்கு முன் இந்த மடலுக்கு எழுத்தில் பதில் வேண்டும். எந்தப் பிரிவு, யார் பொறுப்பு என்ற விவரத்தோடு. கருத்துக் கேட்க வரும் தேதியைப் பத்து நாள் முன்னதாகச் சொல்லியனுப்பினால் போதும். எங்கள் மிளகுக் களத்தில் இருநூறு பேர் உட்கார இடம் இருக்கிறது.

இப்படிக்கு,
மிளகு விவசாயி ஒருத்தி,
தாண்டிக்குடி பக்கம், கீழ்ப்பழனி மலை.